எங்கள் பொட்டலை ஒத்திவைத்தார்கள்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். பேர் வேண்டாம். ஊருக்குக் கீழ்ப்புறம், சிற்றாற்றுக்குப் போகிற வழியில் ஒரு பொட்டல் இருந்தது. பஞ்சாயத்து போர்டுக்குச் சொந்தம். போர்டின் குப்பை வண்டி அங்கேதான் கொட்டும். செத்த மாட்டின் எலும்பு, உடைந்த பானை, உடைமுள். வெளிக்குப் போகிறவர்களைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

அதை எங்கள் வாலிபர் சங்கத்தார் சுத்தம் செய்தோம். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மரக்கடையில் ரம்பம் இழுக்கிறவன், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவன், மாடு மேய்க்கிறவன், என்னை மாதிரி குதிரை வண்டி ஓட்டுகிறவன். எங்கள் அண்ணன்தான் சங்கத்துக்குத் தலைவர். அவன் மரக்கடையில் வேலை பார்த்தான். ஐந்தாவது வரை படித்தவன். அப்பா இறந்ததும் படிப்பு நின்றது. நான் இரண்டாவதோடு நின்றவன்.

காலையில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. பொழுது சாயும்போது அண்ணனிடம் எழுத்து. சீசன் வந்தால் முறை வைத்துக்கொண்டு அருவிக்குப் போவோம். தண்ணீர் கூடினால் கயிறு பிடித்துப் பாறையில் நிற்போம். வெளியூர்க்காரர்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள். ஒரு பெரிய மனிதரை வழுக்கின இடத்திலிருந்து இழுத்துப் போட்டோம். மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்தவர், "என் செருப்பை எவன்டா எடுத்தான்?" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி அந்த வருஷம் முழுக்கச் சிரித்தோம்.

எழுத்து எதற்கென்றால் கங்காணிக்காக. மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டமும் ரப்பர் தோட்டமும் இருந்தன. அங்கே வேலைக்கு ஆள் பிடிக்கக் கங்காணி வருவான். ஒரு தாளை நீட்டுவான். பெருவிரலை மையில் தொட்டு அதில் வைத்தால் ரயில் ஏற வேண்டியதுதான். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வைக்கிறவனுக்குத் தெரியாது. போனவர்களில் பலபேர் மலைக்காய்ச்சலில் அங்கேயே போய்விட்டார்கள். வந்தவர்கள் பாதி ஆளாக வந்தார்கள்.

அண்ணன் சொல்வான்: "கைநாட்டு வைக்கப் போறவன் முதல்ல அந்தத் தாளைப் படிக்கணும்லே. படிச்சிட்டுப் போறதுன்னா போ. நான் தடுக்கல."

சூளைக்காரன் கேட்பான்: "படிச்சா எவன் போவான் அண்ணாச்சி?"

"அதுக்குத்தாம்லே படிக்கச் சொல்லுதேன்."

எல்லாத் தெருப் பையன்களும் வந்தார்கள். ஒன்றாக உட்கார்ந்தார்கள். அது ஊரில் சிலபேருக்குப் பிடிக்கவில்லை. போர்டு மெம்பர் ஒருவர் காப்பிக்கடையில் வைத்து அண்ணனைக் கேட்டார். "எல்லாத் தெருவுமா? ஒரே பாயிலயா?"

"பாய் ஏது? மண்ணுலதான்" என்றான் அண்ணன்.

எங்களுக்கு இருந்த குறை கூரை. ஆனி பிறந்தால் சாரல் விழும். அது பெரிய மழை இல்லை. ஆனால் நிற்காது. சிலேட்டு நனையும், அரிக்கேன் விளக்கின் சிமினி வெடிக்கும், பையன்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆவணி வரைக்கும் வரமாட்டார்கள். அதற்குள் படித்ததெல்லாம் மறந்துவிடும். கங்காணி வருவதும் அந்தச் சமயம்தான். ஒவ்வொரு வருஷமும் சாரல் முடிந்து எண்ணிப் பார்த்தால் இரண்டு மூன்று பேர் குறைவார்கள். அண்ணன் அவர்கள் பேரை வாய்விட்டுச் சொல்லமாட்டான். அவர்கள் உட்கார்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு வருஷம், சாரலுக்கு முன்னால் ஒரு ஓலைக்கொட்டகை போட்டுவிட வேண்டும் என்று அண்ணன் நின்றான். மரக்கடையில் கழிவுக் கம்பு தருவதாகச் சொன்னார்கள். ஓலை நாங்களே முடைந்துகொள்வோம். போர்டு இடம் என்பதால் போர்டு சம்மதம் வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான்.

போர்டு பிரசிடெண்டு வயதானவர். எங்களுக்கு விரோதி இல்லை. மெம்பர்களில் ஒருவர் வண்டிப்பேட்டையைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்தவர். ஊரில் பேட்டைக்காரர் என்பார்கள். சீசனில் புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ வண்டி, இலத்தூரிலிருந்து நெல்லு வண்டி, எல்லாம் எங்கள் ஊரில் மாடு அவிழ்த்துப் போட்டுத்தான் போகும். பேட்டை இடம் போதவில்லை. பொட்டல் குப்பையாகக் கிடந்தவரைக்கும் அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் சுத்தம் செய்த பிறகு பார்த்தார்.

கூட்டத்து நாள் மத்தியானம் நாங்கள் போர்டு ஆபீஸ் வாசலில் வாகைமரத்தடியில் நின்றோம். உள்ளே பேசுவது கேட்கவில்லை. காற்றுக்கு ஜன்னலை அடைத்துவிட்டார்கள். நான் குதிரையை மரத்தில் கட்டியிருந்தேன்.

"குதிரைக்கும் வாலிபர் சங்கத்துல பேரு உண்டா அண்ணாச்சி?" என்று சூளைக்காரன் கேட்டான்.

"ஒன்னைவிட அது ஒழுங்கா வருது" என்றான் அண்ணன். அன்றைக்கு அவன் நல்ல வேட்டி கட்டியிருந்தான்.

மெம்பர்கள் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். முன்கதவைத் திறந்துகொண்டு குமாஸ்தா மட்டும் வந்தார். ஆள் புதிது. சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர். பத்திரிகை நிறையப் படிப்பார். பேச்சும் பத்திரிகை மாதிரியே இருக்கும்.

"வாலிபர் சங்கமா? உங்க பொட்டல் ஒத்திவைக்கப்பட்டது. போயிட்டு வாங்க" என்றார்.

எங்களுக்கு ஒத்தி என்றால் ஒன்றுதான் தெரியும். பணத்தை வாங்கிக்கொண்டு நிலத்தைக் கொடுத்துவிடுவது. பணத்தைத் திருப்புகிற வரைக்கும் அவன் உழுவான், அவன் அறுப்பான். திருப்பி நிலத்தை மீட்பதை மூட்டுவது என்போம். எங்கள் வீட்டு வயலை அப்பா ஒத்திக்கு வைத்தார். மூட்டாமலே இறந்துபோனார். அந்த வயல் பேட்டைக்காரரிடம்தான் இருந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு வயல் போகாத வீடு கிடையாது. சின்னப் பிள்ளைக்கும் அந்த வார்த்தை தெரியும்.

அண்ணன் கேட்டான், "யாருக்கு சார்?"

குமாஸ்தாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "யாருக்காகவும் இல்லப்பா. போர்டு முடிவு" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஒத்திக்கு வச்சிட்டானுவளா? போர்டு நெலத்தையா?" என்றான் ஒருவன்.

"போர்டு நெலம்னா என்ன? அதுவும் நெலம்தானே."

"யாருக்குன்னு கேக்கியளே, ஊர்ல ஒத்தி பிடிக்கதுக்கு வேற யார்ட்ட பணம் இருக்கு?"

அண்ணன் பேட்டைப் பக்கம் திரும்பினான். நடந்தான். நாங்களும் போனோம். நான் குதிரையை அவிழ்க்கவில்லை. அது அங்கேயே நின்றது.

பேட்டைக்காரர் பேட்டையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுற்றி வண்டிக்காரர்கள். கூட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார். துண்டு தோளில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்" என்றான் அண்ணன்.

"கேளு."

"எங்க பொட்டலை ஒத்திக்கு எடுத்துட்டேராமே?"

பேட்டைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். உள்ளே இருந்து எல்லாம் கேட்டவர் அவர். விஷயம் அவருக்கு அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். ஒரு வார்த்தையில் தெளிவாக்கியிருக்கலாம். அவர் சிரித்தார்.

"ஆமாலே. ஒங்க வயலு தனியா கெடக்கேன்னு அதுக்குத் தொணையா எடுத்தேன். ஏன், மூட்டப் போறியா?"

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

"மூட்டுவோம்" என்றான் அண்ணன்.

"ஒங்க அப்பனும் மூட்டுதேன் மூட்டுதேன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. கடைசியில ஆத்தங்கரையில அவருக்குல்லாலே தீ மூட்டுனாங்க!"

வண்டிக்காரர்களில் ஒருவன் மட்டும் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அண்ணன் ஓர் அறைதான் அறைந்தான். கர்லாக்கட்டை சுற்றின கை. பேட்டைக்காரர் கட்டிலோடு சாய்ந்து வண்டிச் சக்கரத்தில் மோதினார். வாயிலிருந்து வழிந்தது வெற்றிலைச் சாறா ரத்தமா என்று முதலில் தெரியவில்லை. பிறகு ஒரு பல் கீழே விழுந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அண்ணன் ஓடவில்லை. அங்கேயே நின்றான். போலீஸ் வந்து தென்காசிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலையில் பிரசிடெண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டு முற்றத்தில் நின்றேன். அவர் மேல்சட்டை இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

"என்னலே செஞ்சு வச்சிருக்கான் ஒங்க அண்ணன்?"

"பொட்டலை ஒத்திக்கு வச்சிட்டியளே ஐயா" என்றேன்.

நடப்பதை நிறுத்தினார். "யாரு வச்சா?"

"குமாஸ்தா ஐயா சொன்னாரு. ஒத்திவைக்கப்பட்டதுன்னு."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, அது அந்த ஒத்தி இல்லலே. ஒத்திவைக்கதுன்னா தள்ளிவைக்கது. வாய்தாலே, வாய்தா! அடுத்த கூட்டத்துக்கு வாய்தா."

தூணைவிட்டு என் பக்கம் வந்தார்.

"நமக்கு வேண்டிய மெம்பர் ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போயிட்டானுவ. இருந்தவன்ல பாதிக்கு மேல வேண்டாம்ங்கான். அன்னைக்கே கை தூக்கச் சொன்னா தோத்துரும். நான்தான் அடுத்த கூட்டத்துல வச்சிக்கிடலாம்னு தள்ளுனேன். ஒங்களுக்காகத்தாம்லே தள்ளுனேன், மூதிகளா."

"பழைய குமாஸ்தாவா இருந்தா வாய்தான்னு சொல்லியிருப்பாரு" என்றேன்.

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். "கூட்டத்துல இருந்த மெம்பரை அடிச்சிட்டான். இனி ஒங்க சங்கத்துக்கு எவன் கை தூக்குவான்? நானே தூக்க முடியாது" என்றார்.

அவர் பேட்டைக்காரரிடம் பேசினார். கேஸ் வேண்டாம் என்று சம்மதிக்க வைத்தார். ஒரு நிபந்தனை. அண்ணன் ஊரில் இருக்கக்கூடாது. மரக்கடையிலும் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மரக்கடை மரமெல்லாம் பேட்டைக்காரர் வண்டியில் போகிறது.

தென்காசிக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். நல்ல வேட்டி அழுக்காகியிருந்தது. பிரசிடெண்டு சொன்னதைச் சொன்னேன்.

"வாய்தாவா?" என்றான்.

"ஆமா."

வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தாளுக்குத் தெரியுமாலே?"

"கூட்டத்துல இருந்தாருல்லா. தெரியும்."

"தெரிஞ்சுதான் அப்பாவச் சொன்னானா?"

"ஆமா."

"அப்ப சரி" என்றான்.

கேஸ் இல்லை என்று அண்ணனை விட்டுவிட்டார்கள். சாரல் நெருங்கிவிட்டது. கங்காணியும் வந்துவிட்டான். உடனே ஆளை எடுத்து ரயில் சார்ஜும் கொடுக்கிறவன் அவன் ஒருத்தன்தான். எங்கள் வீட்டு வாசலில் வைத்துத் தாளை நீட்டினான். மைப்பெட்டியையும் திறந்து வைத்தான். அண்ணன் தாளை வாங்கி ஓரமாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். நிதானமாகப் படித்தான். ஒரு இடத்தில் திரும்ப மேலே போய்ப் படித்தான்.

கங்காணிக்குப் பொறுக்கவில்லை. "என்னவே, ஜட்ஜி தீர்ப்பா படிக்கேரு? வண்டிக்கு நேரமாச்சு. வெரல வையும்."

"வெரல் வேண்டாம். பேனா இருக்கா?"

கங்காணியிடம் பேனா இல்லை. நான் போய் வாங்கிவந்தேன். அண்ணன் முழுப்பேரையும் எழுதினான். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னிடம், "நல்லா இல்ல" என்றான். "ஆனா படிச்சாச்சு."

தென்காசி ஸ்டேஷனுக்கு என் வண்டியில்தான் கொண்டுபோனேன். அம்மாவும் வந்தாள். செங்கோட்டை வண்டி வந்தது. ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னிடம், "அடுத்த கூட்டத்துக்குப் போ. கேட்டுட்டு வா" என்றான். அம்மா அவன் தலையைத் தடவினாள். அம்மா அழுதாள் என்று சொல்ல முடியாது. முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். பிறகு அது பழைய மாதிரி ஆகவே இல்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். என்னோடு மூன்று பேர்தான் வந்தார்கள். வாகைமரத்தடியில் நின்றோம். மேகம் இறங்கிச் சாரல் போட்டது. குமாஸ்தா குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்தார். அவருக்கும் ஊரில் விஷயம் எட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"தள்ளுபடி" என்றார். கொஞ்சம் நின்று, "புரிஞ்சுதா?" என்றார்.

தள்ளுபடி என்றால் எங்களுக்குப் புரியும். கோர்ட்டு வார்த்தை. எத்தனையோ பேர் தென்காசியில் கேட்டுவிட்டு வந்து சொன்ன வார்த்தை.

"புரிஞ்சுது சார்" என்றேன்.

அவர் போகாமல் நின்றார். பிறகு குடையை மடக்கி உள்ளே போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த வார்த்தையை அவர் சொன்னார்.

ஆனியில் பொட்டலில் பேட்டை வண்டிகள் நின்றன. மாடுகள் நின்று மண் சேறாகிவிட்டது. சங்கத்தைக் கலைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்தனும் வரவில்லை, முடிந்துபோனது. சூளைக்காரன் கைநாட்டு வைத்துப் போனான். எழுத்து பாதி வந்தவன்தான். "படிக்கலயாலே?" என்று கேட்டேன். "படிச்சா மட்டும்?" என்றான். அருவிக்கு அந்த சீசனில் எங்கள் ஆட்கள் போகவில்லை. கயிறு எங்கள் வீட்டில் கிடந்தது. அம்மா அதில் துணி காயப்போட்டாள்.

அந்த வருஷம் தை மாசத்தில் கங்காணி என் வண்டியில் சவாரி வந்தான். அண்ணன் சௌக்கியமாக இருப்பதாகச் சொன்னான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறானாம். அதற்குத் துரை ஏசினானாம்.

"ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னான்வே. பொட்டல் என்னாச்சுன்னு கேட்டான். அது என்ன பொட்டல்?"

நான் குதிரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

"ஒத்திவச்சிருக்குன்னு சொல்லும்."

"யாருக்கு?" என்றான் கங்காணி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கங்காணி ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டான். "அவனுக்குப் புரியும். நீரு அப்படியே சொல்லும்" என்றேன்.

அடுத்த ஆனியில் ஸ்டேஷன் வாசலில் கங்காணி நின்றிருந்தான். நான் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவன் ஏறவில்லை. சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்.

"காய்ச்சல்தான். ஒரு வாரம் கெடந்தான். அங்கனயே எல்லாம் பண்ணியாச்சு."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.

"நான் சொன்னதைச் சொன்னீரா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். அப்படின்னா இன்னும் முடியல, இந்தச் சாரலுக்கு ஊருக்கு வாரேன்னான். துரைட்ட லீவு கேட்டிருந்தான்."

அதற்குள் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வண்டிக்கு வந்துவிட்டது. புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். அருவிக்குப் போக வேண்டும் என்றார்கள். மூட்டையை ஏற்றினேன். பிள்ளைகள் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி நகர்ந்ததும் பெரிய பிள்ளை கேட்டது, அருவியில் தண்ணீர் நிறைய விழுகிறதா என்று.

"விழுது" என்றேன்.

அவர்களை இறக்கிவிட்டு வந்து, குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.